மழைக்காகக் காத்திருக்கிறார்

புங்கமரத்துக்கொட்டாய்,
காரிமங்கலம் வழி.
18-6-2025

உஸ்மா அவர்களுக்கு,

என் பெயர் நவநீதன். பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வராது. சென்ற வாரம் வந்த வார இதழில் முப்பத்தெட்டாம் பக்கத்தில், வெடித்துக் கிடக்கும் ஏரிக்கு நடுவே, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கும் ஆள் நான்தான். கீழே ‘நவநீதன் (35), காரிமங்கலம் அருகே. மழைக்காகக் காத்திருக்கிறார்’ என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் உங்கள் பெயர், போட்டோகிராபி மாணவி, சென்னை என்று கல்லூரிப் பெயரோடு. அந்தக் கல்லூரிக்கே இதை அனுப்புகிறேன். போன் நம்பரை விசாரித்து வாங்கியிருக்கலாம். பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

முதலில் ஒரு தகவல். நான் மழைக்காகக் காத்திருக்கவில்லை. பெரியண்ணனுக்காகக் காத்திருந்தேன்.

பெரியண்ணன் எங்கள் ஊர் டிராக்டர்காரர். கோடையில் ஏரி வற்றினால் அடியில் படிந்திருக்கும் வண்டல் மண்ணை அள்ளிக் காட்டில் கொட்டிக்கொள்ள விவசாயிகளுக்கு அனுமதி தருவார்கள். அந்த மண் விழுந்த காட்டில் தக்காளிச் செடி இடுப்பு உயரத்துக்கு வரும். மூன்று மாதம் அலைந்து எனக்கு அனுமதி கிடைத்தது ஒரே ஒரு நாள், மே ஆறாம் தேதி. ஏரி வற்றியதற்காக அன்றைக்கு ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். ஏழு மணிக்கு வருகிறேன் என்ற பெரியண்ணன் பதினோரு மணி வரைக்கும் வரவில்லை. போன் போட்டால், “தோ வந்துட்டேன் நவநீதா, டயர் பஞ்சர்” என்கிறார். ஜேசிபிக்காரர் வாட்சைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் நான் தலையில் கை வைத்ததைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். அதற்குப் பெயர் வறட்சி இல்லை. எரிச்சல்.

சரி, ஒரு படம்தானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விவசாயம் செய்கிறவனுக்கு இந்தப் பக்கம் பெண் கிடைப்பது எப்படி என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஏழு வருடம் தேடி, பதினான்கு இடம் தட்டிப் போய், பதினைந்தாவதாக இண்டூரில் ஓர் இடம் அமைந்தது. பெண் பெயர் காவேரி. தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. அப்பா சென்னப்பன், இண்டூர் பஸ் ஸ்டாப் எதிரில் உரக்கடை வைத்திருக்கிறார். வருகிற ஆனி பன்னிரண்டாம் தேதி பூ வைத்து நிச்சயம் செய்வதாகப் பேசி முடித்திருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னப்பன் ஷேவிங் செய்துகொள்ள சலூனுக்குப் போயிருக்கிறார். அங்கே கிடந்த இதழைப் புரட்டியிருக்கிறார். பாதி தாடியோடு எனக்குப் போன்.

“என்னங்க மாப்ள, காட்ல தண்ணி நிக்குது, போர்ல தண்ணி கொட்டுதுன்னீங்க. புஸ்தகத்துல வேற மாதிரி போட்டிருக்காங்களே?”

நான் டிராக்டர் கதையைச் சொன்னேன். நம்பவில்லை. அச்சில் வந்துவிட்டதல்லவா! இரண்டு நாள் கழித்து ஆள் விட்டுச் சொல்லிவிட்டார், “எம்பொண்ணை ஏசி ரூம்ல வேலை பாக்க வெச்சிருக்கேன். தண்ணி கொடம் தூக்க உட முடியாதுங்க” என்று.

ஆகவே, நீங்கள் அந்த இதழுக்கு எழுதி மறுப்புப் போடச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் செய்வீர்களோ எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் எழுநூறு அடி போரில் தண்ணீர் உள்ள,
நவநீதன்

*

சென்னை
27-6-2025

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் துறை அலுவலகத்தில் சில நாள் கிடந்து, நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. தங்களுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் சில விஷயங்களைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

அந்தப் படம் என் படிப்பின் ஒரு பகுதி. கோடை விடுமுறையில் ‘தண்ணீர்’ என்ற பொருளில் ஆவணப் புகைப்படங்கள் எடுத்து வர வேண்டும். கூடவே, ஆவணப் புகைப்படக் கலையை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்று ஒரு கட்டுரையும் தர வேண்டும். நானும் தருமபுரிதான். அப்பா பெயர் ஹயாத் பாஷா, டவுனில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். நம் மாவட்டத்தின் வறட்சியை வெளியுலகம் பார்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் எடுத்தேன். ஏரி வறண்டிருந்தது உண்மை. தாங்கள் அங்கே இருந்தது உண்மை. நான் எதையும் இட்டுக்கட்டவில்லை.

ஒரு நல்ல ஆவணப் படத்தில் இருப்பவர் ஒரு தனி மனிதர் மட்டும் அல்ல. தாங்கள் அந்தப் படத்தில் தாங்களாக மட்டும் இல்லை ஐயா, ஒரு நிலத்தின் குறியீடாக இருக்கிறீர்கள். என் கட்டுரையின் பக்கம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். படித்தால் புரியும்.

இதழில் வந்த வாசகம் பற்றி: நான் வைத்த தலைப்பு ‘காத்திருப்பு’. ‘மழைக்காக’ என்பதை அவர்கள் சேர்த்திருக்கலாம். இதழுக்கு எழுதுவது பற்றி யோசிக்கிறேன். படம் அக்டோபரில் டெல்லியில் நடக்கும் மாணவர் கண்காட்சிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து போகும் நிலையில் இருக்கிறது. இந்த நேரத்தில் மறுப்பு என்று ஒன்று வந்தால் பலருக்கும் சங்கடம்.

தங்கள் திருமணம் நல்லபடியாகக் கூடிவர இறைவனை வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
உஸ்மா

*

புங்கமரத்துக்கொட்டாய்
3-7-2025

உஸ்மா அவர்களுக்கு,

ஐயா என்று எழுதாதீர்கள். முப்பத்தைந்து வயதுக்கே பெண் கிடைக்கவில்லை. நீங்கள் வேறு வயதை ஏற்றுகிறீர்கள்.

குறியீடு என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. குறியீட்டுக்கு யாரும் பெண் தர மாட்டார்கள். ஆனி பன்னிரண்டு வந்து போய்விட்டது. அன்றைக்குக் கட்டுவதற்கென்று எடுத்து வைத்த வேட்டியை மடித்து மறுபடியும் பீரோவில் வைத்தேன்.

உங்கள் கட்டுரையைப் படித்தேன். ‘வறண்ட நிலத்தின் விரிசல்கள் அவர் உள்ளத்தின் விரிசல்களாக விரிகின்றன’ என்று ஒரு வரி. என் உள்ளத்தில் விரிசல் எதுவும் இல்லை. காலில் பித்தவெடிப்பு இருக்கிறது, அது படத்தில் விழவில்லை. ‘அவருடைய மௌனம் நம்மைக் கேள்வி கேட்கிறது’ என்று இன்னொன்று. மௌனமா? காலையிலிருந்து பெரியண்ணனைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப் போயிருந்தது. நீங்கள் வந்து என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. “பேர் என்னண்ணா? எந்த ஊருண்ணா?” இங்கே எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மூன்றாவதாக ஒன்று கேட்டிருந்தால் நானே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். விவசாய இலாகாவிலிருந்து வந்து எடுக்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் எதையும் இட்டுக்கட்டவில்லை என்கிறீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் கேமராவைத் தூக்கியதும் நான் சிரித்தேன். போட்டோ என்றால் சிரிப்பதுதானே வழக்கம்? நீங்கள் சொன்னீர்கள், “சிரிக்காதீங்கண்ணா. என்னைப் பாக்காதீங்க. முன்னாடி எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க.” நானும் நல்ல பிள்ளையாக மறுபடி தலையில் கை வைத்தேன். மேட்டில் பைக்கில் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நீங்கள் ஓடிவிட்டீர்கள். நீங்கள் போய்ப் பத்தாவது நிமிடம் டிராக்டர் வந்தது. அன்றைக்கு இருட்டுவதற்குள் பதினெட்டு நடை மண் அடித்தோம். அதை எடுக்க அங்கே ஆள் இல்லை.

தருமபுரிப் பெண் என்கிறீர்கள். ஏரியில் வண்டல் அள்ளுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? மெத்தைக் கடைக்குள் ஏரி இருக்காது என்பது எனக்கும் புரிகிறது. கேட்டிருக்கலாம்.

இதில் இன்னொரு கொடுமை என் அம்மா. சின்னம்மாள் என்று பெயர். எழுத்துக் கூட்டிக் கூடப் படிக்கத் தெரியாது. மகன் படம் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்தை வெட்டி, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். இதனால்தான் சம்பந்தம் நின்றது என்று நான் கத்தினால், “படம் என்னடா பண்ணுச்சு? நல்லாத்தான கீறே” என்கிறாள்.

இறைவனை வேண்ட வேண்டாம். இதழுக்கு எழுதுங்கள்.

நவநீதன்

*

சென்னை
14-7-2025

நவநீதன் அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் கோபமாக இருந்தேன். ‘சிரிக்காதீர்கள்’ என்று நான் சொல்லவே இல்லை என்று விடுதியில் எல்லாரிடமும் சொன்னேன். பிறகு மெமரி கார்டைத் திறந்து பார்த்தேன்.

மொத்தம் நாற்பத்தொரு படங்கள். முதல் பதினொன்றில் நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகவே சிரிக்கிறீர்கள். பன்னிரண்டாவதில் சிரிப்பு பாதியில் நிற்கிறது. என்னைப் பார்த்து ஏதோ கேட்பது போல முகம். பதிமூன்றிலிருந்து தலை குனிந்துவிடுகிறது. பதினோராவது படத்துக்கும் பன்னிரண்டாவதற்கும் நடுவில் நான் என்ன சொன்னேன் என்று கேமராவில் பதிவாகாது. ஆனால் நீங்கள் சொன்னதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். வேறெதுவும் அந்த முகத்தை அப்படி மாற்றியிருக்காது.

இன்னொன்று. இதை எழுதக் கூடாது என்று இரண்டு தடவை தாளைக் கிழித்தேன். ‘மழைக்காகக் காத்திருக்கிறார்’ என்று எழுதியதும் நான்தான். இதழ்க்காரர்கள் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. போன கடிதத்தில் ‘சேர்த்திருக்கலாம்’ என்று எழுதியது பொய். எழுதும்போதே தெரியும்.

என் நிலைமையையும் கொஞ்சம் கேளுங்கள். இந்தப் படிப்பில் சேர்ந்ததே வீட்டில் பெரிய சண்டை போட்டுத்தான். பி.காம் படித்துவிட்டுக் கடையில் கணக்குப் பார்த்தால் போதும் என்பது அப்பாவின் எண்ணம். “போட்டோ புடிக்கறதுக்கு மூணு வருஷப் படிப்பா? என் போன்லகூடத்தான் புடிக்கிறேன்” என்பார். இந்த ஒரு படத்துக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு மதிப்பெண் வந்தது. இதழில் வந்தது. டெல்லிப் பேச்சு வந்தது. முதல் தடவையாக அப்பா வாயைத் திறக்கவில்லை. அந்த ஏரியில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு சோகமான முகம். என்னைப் பைக்கில் கூட்டி வந்த என் அண்ணன் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். உங்களிடம் பேச நேரமில்லை என்று அப்போது நினைத்தேன். நாற்பத்தொரு படம் எடுக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

இதழுக்கு இன்று எழுதிவிட்டேன். அது வர எத்தனை வாரமாகும் என்று தெரியவில்லை. அதனால் சும்மா இருக்கவும் முடியாமல், சென்னப்பன் அவர்களுக்கே நேராக ஒரு கடிதம் எழுதி, உரக்கடை, இண்டூர் பஸ் ஸ்டாப் எதிரில் என்று போட்டு இன்றே அனுப்பிவிட்டேன். நடந்ததை எல்லாம் சொல்லி, நவநீதன் அண்ணா மிகவும் நல்லவர், நம்பிப் பெண் கொடுக்கலாம் என்றும் எழுதினேன். நீங்கள் சிரிக்கும் படங்களில் நல்லதாக மூன்றைப் பிரிண்ட் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறேன்.

உஸ்மா

*

புங்கமரத்துக்கொட்டாய்
22-7-2025

உஸ்மா,

உங்களை யார் சென்னப்பனுக்கு எழுதச் சொன்னது?

நேற்று மாலை ஆள் நேரில் வந்துவிட்டார். கடையில் வேலை செய்யும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். உங்கள் கடிதத்தைக் காற்றில் ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏங்க, மெட்ராஸ்ல படிக்கற பொண்ணு உங்களுக்கு சிபாரிசு லெட்டர் போடுது. நல்லவரு, நம்பலாம்னு எழுதுது. அதுக்கு எப்படிங்க தெரியும் நீங்க நல்லவர்னு?”

“அது போட்டோ எடுத்த பொண்ணுங்க. ஒருவாட்டிதான் பாத்திருக்கேன்.”

“ஒருவாட்டி பாத்ததுக்கா இந்தச் சிரிப்பு?” என்று உங்கள் மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் போட்டார். “பொண்ணு பாக்க எங்க வூட்டுக்கு வந்தப்போ ஒரு பல்லுகூடத் தெரியல. இங்க பாருங்க, முப்பத்திரண்டும் தெரியுது!”

பெண் பார்க்கப் போனால் பயம், சிரிப்பு வராது. வெயிலில் ஒரு பெண் கேமராவோடு வந்து நின்றால் சிரிப்பு வந்துவிட்டது. இதை எப்படி விளக்குவது? பெரியண்ணன் வேறு, சாட்சி சொல்கிறேன் என்று குறுக்கே வந்து, “அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனதை நான் பாக்கவே இல்லீங்களே, நான் லேட்டுங்க” என்று சொல்லித் தொலைத்தார். அவர் வாழ்க்கையில் உண்மை பேசிய ஒரே நாள் அது.

வறண்ட காட்டுக்காரன் என்று மட்டும் இருந்தேன். இப்போது ஒழுக்கம் கெட்டவனும் ஆகிவிட்டேன். இனிமேல் எனக்காக எதுவும் செய்யாதீர்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதழுக்கு எழுதியது எழுதியதாக இருக்கட்டும். அதோடு நிறுத்துங்கள்.

நவநீதன்

*

சென்னை
9-8-2025

நவநீதன் அண்ணா,

எதுவும் செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்காகச் செய்யவில்லை, எனக்காக ஒன்று செய்தேன். அதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

இதழில் மறுப்பு வந்துவிட்டது. பார்த்தீர்களா என்று தெரியவில்லை. அறுபதாம் பக்கத்தில், பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே, இரண்டே வரி. அதிலும் உங்கள் பெயரை ‘நவநீதம்’ என்று போட்டிருக்கிறார்கள். போன் செய்து சண்டை போட்டேன். மறுப்புக்கு மறுப்பு போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் எங்கள் மேடத்திடம் போய், அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். நாற்பத்தொரு படங்களையும் எடுத்த வரிசையிலேயே சின்னச் சின்னதாகப் பிரிண்ட் போட்டு, வகுப்பு மேசையில் பரப்பினேன். பதினோராவதற்கும் பன்னிரண்டாவதற்கும் நடுவில் ஒரு வெற்றுத் தாளை வைத்து, ‘சிரிக்காதீங்கண்ணா. என்னைப் பாக்காதீங்க’ என்று நான் சொன்னதை எழுதி வைத்தேன். கட்டுரையையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். உள்ளம், விரிசல், மௌனம் எதுவும் இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது, நான் என்ன கேட்கவில்லை என்பது மட்டும்தான். உங்கள் கடிதத்திலிருந்து வண்டல் மண் பற்றிய வரிகளைச் சேர்த்திருக்கிறேன். இதற்காவது உங்களிடம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் கேட்கவில்லை. மன்னியுங்கள்.

மேடம் மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். “இதை நான் உங்கிட்ட முதல்லயே கேட்டிருக்கணும், உஸ்மா. படம் நல்லா இருந்துச்சு, அதனால கேக்கல” என்றார். அவ்வளவுதான் பாராட்டு. மதிப்பெண் முப்பத்தொன்று. தாமதமாகக் கொடுத்ததற்குக் கழித்தது போக, படங்கள் தனித்தனியாகப் பார்த்தால் வலுவாக இல்லையாம். டெல்லிக்கு அனுப்ப வேறு ஒரு பையன் எடுத்த படத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள், ஆனால் கடைசித் தேதி செப்டம்பர் நான்கு வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மனம் மாறினால் சொல்ல வேண்டுமாம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கடைத்தெரு முழுக்க, “எம்பொண்ணு எடுத்த போட்டோ டெல்லி போகுது” என்று சொல்லி வைத்திருக்கிறார். தினமும் போன் செய்து, டெல்லிக்கு எந்த ரயில் என்று கேட்கிறார். படிப்பை வேண்டாம் என்றபோதும் இந்த மனிதரோடு என்னால் முடியவில்லை. வேண்டும் என்றாலும் முடியவில்லை.

இனி எழுத மாட்டேன். உங்களுக்கு வேறு நல்ல இடம் அமையட்டும்.

உஸ்மா

*

புங்கமரத்துக்கொட்டாய்
26-8-2025

உஸ்மா,

எழுத மாட்டேன் என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். ஆனால் நான் எழுதியாக வேண்டியிருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு நாளாக இந்தத் தாள் தக்காளிக் கூடைமேல் கிடக்கிறது.

பதினெட்டாம் தேதி அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கத் தருமபுரிக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதும் போகும் மருத்துவமனைதான். வேறு மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். புத்தி போகவில்லை. ரத்தம் எடுக்கும் இடத்தில் காவேரி உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அவளைப் பார்த்ததும், “ஏம்மா, நீதான எங்க வூட்டுக்கு வராம போனவ?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டாள். காவேரி ஊசி போட்டு ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சைக்கிள் ஸ்டாண்ட் வரை காவேரி பின்னாலேயே வந்தாள்.

“அந்தப் படத்துனாலதான் நின்னுச்சுன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே?”

“இல்லையாங்க பின்ன?”

“எங்கப்பா உங்க காட்டை வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். படத்தைக் காட்டி வேணாம்னா அவரு கேட்டுக்குவாருன்னு அதைப் புடிச்சுக்கிட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க? ‘கல்யாணத்துக்கு அப்பறம் வேலைக்கெல்லாம் போவ வேண்டாம், எங்க அம்மாகூட வூட்ல இருந்தா போதும்’னீங்க. காபித் தட்டோட நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? மூணு வருஷம் படிச்சு, ஆறு வருஷமா பாக்கற வேலைங்க.”

உஸ்மா, நான் அதைப் பெருந்தன்மையாக நினைத்துச் சொன்னேன். சத்தியமாக. வேலைக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டாம், ராணி மாதிரி இருக்கட்டும் என்று. அவள் முகம் எப்படி இருந்தது என்று அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை. அந்தச் சைக்கிள் ஸ்டாண்டில் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நல்லவிதமாக வரவில்லை. உங்களைத் திட்டி எழுதிய வார்த்தையெல்லாம் வரிசையாக வந்தது.

“தப்புங்க” என்றேன்.

“இதை எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? எங்கப்பாகிட்ட போய்ச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் இண்டூர் போனேன். உரக்கடையில் நாலு பேர் மூட்டைக்கு நிற்கும்போதே சொன்னேன், காவேரி வேலையை விட வேண்டியதில்லை, அப்படி நான் சொன்னது தப்பு என்று. சென்னப்பன் என்னையே பார்த்தார். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “இதுதான் விஷயம்னா அவ எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? ரெண்டு மாசமா தண்ணி, போட்டோ, மெட்ராஸ் பொண்ணுன்னு என்னை அலைய உட்டுட்டீங்களேய்யா ரெண்டு பேரும்!” என்று கத்தினார். அப்புறம் டீ சொன்னார்.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, காவேரி தன் அம்மாவோடு இங்கே வந்தாள். காட்டைச் சுற்றிப் பார்த்தாள். போர் மோட்டாரைப் போட்டுக் காட்டினேன். அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவிடம் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லி, காலையில் சோறு வேண்டாம், ராகிக் களியும் அளவாகத்தான் என்று கண்டித்தாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. மருமகள் வேலைக்குப் போவது பற்றி அவளுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை, என்னோடு பேசுவதில்லை. கிளம்பும்போது காவேரி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“ஏழு மணி டூட்டிக்கு இங்கிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு?”

ஐந்தே முக்காலுக்கு என்றேன். அதைப் போனில் குறித்துக்கொண்டாள். சென்னப்பன் ஐப்பசியில் பூ வைக்கலாம் என்று இன்று காலை சொல்லிவிட்டார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் படத்தால் என் கல்யாணம் நிற்கவில்லை. என் வாயால் நின்றது. இது தெரியாமல் உங்களைத் திட்டித் திட்டி டெல்லியைக் கைவிட வைத்துவிட்டேன். செப்டம்பர் நான்கு வரை நேரம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படத்தை அனுப்புங்கள். எந்த வாசகத்தோடு வேண்டுமானாலும் போடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் அப்பாவை ரயில் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள்.

மன்னிக்க வேண்டும்.

வெ. நவநீதன்

*

சென்னை
1-9-2025

நவநீதன் அண்ணா,

முதலில் சந்தோஷம். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன்.

எனக்கு வரும் எரிச்சலுக்கு அளவே இல்லை. ஜூன் மாதத்திலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு மனிதரின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து மெஸ்ஸில் சாப்பாடு இறங்காமல் இருந்தேன். இப்போது வந்து, இல்லை, அது என் வாயால் கெட்டது என்று சாவகாசமாக எழுதுகிறீர்கள். காவேரி அக்கா முதலிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் முதலிலேயே கேட்டிருக்கலாம். நான் அதற்கும் முதலில் கேட்டிருக்கலாம். நாம் மூன்று பேரும் சேர்ந்து சென்னப்பன் அவர்களை என்ன பாடு படுத்தியிருக்கிறோம்!

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். உண்மையைச் சொல்கிறேன். ஓடிப் போய்க் கண்காட்சிப் படிவத்தைத் திறந்தேன். படத்தை ஏற்றினேன். படத்தைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்டது. ‘டிராக்டருக்காகக் காத்திருக்கிறார்’ என்று அடித்துப் பார்த்தேன். அது உண்மை. ஆனால் கண்காட்சியின் தலைப்பு ‘வறட்சி’. அந்தச் சுவரில் அதை மாட்டினால், கீழே நான் எதை எழுதினாலும், பார்க்கிறவர்கள் உங்கள் தலையையும் கையையும்தான் பார்ப்பார்கள். நான் உங்களைச் சிரிக்காதீங்க என்று சொன்னது அந்தப் படத்துக்குள் இருந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படிவத்தை மூடினேன். மேடத்திடமும் சொல்லிவிட்டேன்.

ஆகவே உங்கள் கல்யாணத்துக்காக நான் டெல்லியை விட்டேன் என்று எங்கும் சொல்லிவிடாதீர்கள். ஏற்கெனவே ஊர் என்னைப் பற்றிப் பேசியது போதும்.

அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். கத்துவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. “அந்த மனுசன் வூட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டியா? லெட்டர்லயேதான் எல்லாமா?” என்று மட்டும் கேட்டார். இதைக் கேட்க அவருக்கு மூன்று வருடப் படிப்பு தேவைப்படவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வருகிற சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். அண்ணனைப் பைக்கோடு வீட்டிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் வருவேன். அடுத்த பருவத்துக்கு ஒரு குடும்பத்தை நான்கு மாதம் தொடர்ந்து படம் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் எடுக்கலாமா என்று கேட்கத்தான் இவ்வளவும். நீங்கள் சரி என்பீர்கள், தெரியும். உங்களைக் கேட்கவில்லை. சின்னம்மாள் அம்மாவிடமும் காவேரி அக்காவிடமும் கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அப்படியே சொல்லுங்கள். எனக்காக மென்மையாக்கிச் சொல்ல வேண்டாம். எந்த நேரத்தில் எடுக்கக் கூடாது, எதை எடுக்கக் கூடாது என்பதையும் கேட்டு வையுங்கள்.

அன்றைக்குக் கேமரா பையை விட்டு வெளியே வராது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், உங்களிடமும் அம்மாவிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருட்டும் வரை தக்காளி பறித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உஸ்மா